கொழுப்புத் துளிக்குள் உறைந்த துகள்

மெதெயின்
பிப்ரவரி 9, 2009

மலேரியா பரிசோதகர் அவர்களுக்கு,
சுகாதார நிலையம், எல் குவாமோ, சான் ஹுவான் ஆறு.

மதிப்பிற்குரியீர்,

மலேரியாக் கிருமி மனிதரின் சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் காலத்தில் கொழுப்பை எப்படிச் சேர்க்கிறது, எதற்குப் பயன்படுத்துகிறது என்பதை எங்கள் ஆய்வகம் ஆராய்ந்து வருகிறது. இதற்காக உங்கள் நிலையத்தில் ஃபால்சிபாரம் வகை மலேரியா உறுதியான நோயாளிகளின் ரத்தம் மாதம் இரண்டு மூன்று குழாய் தேவைப்படுகிறது. நோயாளியின் சம்மதம் பெற்று, முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன் எடுக்க வேண்டும். குளிர்ப்பெட்டியும் குழாய்களும் இத்துடன் வருகின்றன. நோயாளி கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாதிரா பெரேயா
முனைவர் பட்ட ஆய்வாளர்

பி.கு. நீங்கள் நலம் என்று நம்புகிறேன்.


எல் குவாமோ
பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய முனைவர் பட்ட ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படகுக்காரன் கிரிசாந்தோ பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "பூச்சிக்காரம்மா, உங்களுக்கு அரசாங்கத்துலருந்து ஐஸ்கிரீம் வந்திருக்கு"ன்னு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். திறந்தால் வெறும் குழாய். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் நலம்தான். நீங்கள் நம்பியது வீண்போகவில்லை.

அடி யாதிரா, நான்கு வருஷம் கழித்துக் கூடப்பிறந்தவளுக்கு எழுதுகிற கடிதத்தில் 'மதிப்பிற்குரியீர்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நீ பிறந்தபோது தொப்புள் காயத்தில் எறும்புப் பொடி தடவினதாக அம்மா சொல்வாள், எறும்பு மாதிரி ஓயாமல் உழைக்க வேண்டும் என்று. டப்பா மாறி மிளகாய்ப் பொடியைத் தடவிவிட்டாள் போலிருக்கிறது.

வேலை வேலையாகவே இருக்கட்டும். இரண்டு குழாய் வைத்திருக்கிறேன். முதலாவது தங்கம் சலிக்கிற ஹெர்மோஹெனெஸ், வயது முப்பத்தொன்று. காலை ஏழு மணிக்குத் தட்டிப் பொரித்த வாழைக்காய், பன்றித் தொடுகறி, பொரித்த பாலாடைக்கட்டி. "காய்ச்சல்ல இவ்வளவா?"ன்னு கேட்டேன். "சாவுறதா இருந்தா வயிறு நிறைஞ்சு சாவுறேன்"னான். இரண்டாவது அவன் மாமியார். நேற்று மதியத்திலிருந்து எலுமிச்சம் புல் தண்ணீர் மட்டும். அவளுக்கு மருமகன் மேல் கோபம், பட்டினி.

ஃபிதெலினா பெரேயா
(பட்டம் எதுவும் இல்லை)


மெதெயின்
மார்ச் 4

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் அப்படி எழுதினேன். ஆறு முறை எழுதிக் கிழித்தேன். பேராசிரியர் மேஜை மேல் ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது, அதைப் பார்த்து எழுதிவிட்டேன்.

குழாய்கள் நல்ல நிலையில் வந்தன. ஆனால் ஹெர்மோஹெனெஸின் குழாயில் மேலே நின்ற நீர் கலங்கி வெளுத்திருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று இங்கே உதவிக்கு இருக்கும் பெண் கொட்டிவிட்டாள். அடுத்த முறை நீர் தெளிவாக இருக்கும் ரத்தமாகப் பார்த்து அனுப்ப முடியுமா?

பழைய விஷயங்களைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பில்லை. மன்னித்துக்கொள்.

யாதிரா


எல் குவாமோ
மார்ச் 14

யாதிரா,

கெட்டுப்போகவும் இல்லை, ஒரு எழவும் இல்லை. அது கொழுப்பு. காலையில் அவ்வளவையும் தின்றுவிட்டு வந்து கையை நீட்டினால் ரத்தம் தேங்காய்ப்பால் மாதிரிதான் நிற்கும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். கொழுப்பை ஆராய்கிற ஆய்வகத்தில் கொழுப்பைக் கெட்டுப்போனது என்று கொட்டினார்களாம்! இதைக் கிரிசாந்தோவிடம் சொன்னேன். "மீன் பிடிக்கப் போறவன் வலையில மீன் நாறுதுன்னு ஆத்துல விட்டானாம்"னு சிரிக்கிறான். இந்த முறையும் கலங்கல்தான் வருகிறது. பொகாசிகோ மீன் பொரித்தது, தேங்காய்ச் சோறு, காலை எட்டு மணி. கொட்டினால் மறுபடி அனுப்ப மாட்டேன்.

கொட்டின கதையைச் சொன்னதும் வடிகட்டின கதை நினைவு வருகிறது. நீ கடைசி விடுமுறைக்கு வந்திருந்தபோது ஸ்லைடுக்குச் சாயம் கலக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்தாய். வடிதாள் தீர்ந்துவிட்டது. அம்மாவின் காப்பித் துணியை எடுத்து அதில் வடித்தாய். அம்மா அகப்பையோடு உன்னைத் துரத்தினாள். அந்தப் புட்டி தீரும்வரை இரண்டு மாதம் என் ஸ்லைடெல்லாம் கறுப்புப் பொட்டு. கண்ணே போயிற்று.

ஒன்று கேட்கிறேன், பட்டம் இல்லாதவளுக்குப் புரிகிற மாதிரி சொல். இவ்வளவு சின்னப் பூச்சி, அதற்கு எதற்குக் கொழுப்பு? நாங்கள் தின்கிறோம், துடுப்புப் போடுகிறோம். அது உள்ளே உட்கார்ந்து என்னத்தைப் போடுகிறது?

பழைய விஷயத்தைப் பற்றி எழுதத் தெம்பில்லை என்றாய். சரி. எனக்கும் எழுத ஆசையில்லை. ஆனால் அம்மா செத்த ஒன்பதாம் நாள், ஒப்பாரிப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்க்க, நீ சொன்ன வார்த்தை இந்த வீட்டில்தான் இருக்கிறது. நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். நான் அதோடு குடியிருக்கிறேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

ஃபிதெலினா


மெதெயின்
மார்ச் 28

அன்பு அக்கா,

கொட்டவில்லை. கலங்கிய நீர்தான் எங்களுக்கு வேண்டியது என்று இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பேராசிரியர் உன் கடிதத்தில் அந்த ஒரு பத்தியை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்க அக்காவ இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே"ன்னார். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் மட்டும் படித்தேன். பதில் வைத்திருக்கிறேன், ஆனால் இன்னும் கைக்கு வரவில்லை.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். சிவப்பணு ஒரு வெறும் பை. அதற்கு இனி வளரும் வேலையோ பெருகும் வேலையோ இல்லை. உள்ளே புகுந்த கிருமி இரண்டே நாளில் பதினாறு, இருபது குட்டிகளாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் சுற்றி ஒரு தோல் வேண்டும். அந்தத் தோல் கொழுப்பால் ஆனது. சிவப்பணுவில் அத்தனை கொழுப்புக் கிடையாது. அதனால் கிருமி வெளியே ஓடுகிற ரத்த நீரிலிருந்து கொழுப்பை இழுக்கிறது. ஆய்வகத்தில் அந்த நீரை எடுத்துவிட்டால் வளராமல் செத்துப்போகும். ஹெர்மோஹெனெஸின் தொடுகறி அவனுக்கு மட்டும் போகவில்லை, அக்கா.

இன்னொரு வேலையும் கொழுப்புக்கு இருக்கிறது. என் ஆய்வே அதுதான். கிருமி சிவப்பணுவுக்குள் இருக்கும் சிவப்புச் சத்தைத் தின்கிறது. தின்றால் மிஞ்சுகிற இரும்புச் சக்கை அதற்கே விஷம். துப்ப இடமில்லை. அதன் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகள் இருக்கின்றன. பனேலா வெல்லப்பாகு சட்டியில் இறுகுமே, அந்த மாதிரி அந்தத் துளிகளுக்குள் விஷம் இறுகிக் கறுப்புத் துகளாக உறைகிறது. உறைந்துவிட்டால் கிருமிக்குத் தீங்கில்லை. இரண்டாம் நாள் சிவப்பணு வெடிக்கும்போது குட்டிகள் வெளியே போகும், துகள் மிஞ்சும். அதை ரத்தத்தின் வெள்ளையணுக்கள் வந்து விழுங்கும்.

நன்றாக வளர்ந்த கிருமி உள் உறுப்புகளின் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும். அப்போது விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஒரு கிருமிகூட அகப்படாமல் போகலாம். ஆனால் வெள்ளையணுவுக்குள் கறுப்புத் துகள் இருந்தால், கிருமி இல்லை என்று நம்பக் கூடாது. கடுமையான காய்ச்சலில் இதுவே முதல் எச்சரிக்கை. உங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் இதைச் சொன்னார்களா, கிருமியை எண்ணுவதோடு விட்டுவிட்டார்களா? படம் ஒன்று வைத்திருக்கிறேன்.

இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதி நெடுநாளாயிற்று. எழுத எழுத அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து உன்னிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

யாதிரா


எல் குவாமோ
ஏப்ரல் 8

யாதிரா,

படம் கிடைத்தது. குழாய் ஒன்று. பெண், பத்தொன்பது வயது. மீன் குழம்பு, மதியம் பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை புனித வெள்ளி, யாரும் ஆற்றில் இறங்க மாட்டார்கள். இன்றைய படகை விட்டால் அடுத்த வாரம்தான், அதனால் அனுப்புகிறேன்.

ஃபிதெலினா


மெதெயின்
ஏப்ரல் 22

அக்கா,

மூன்று வரியில் ஒரு கடிதம், அதில் ஒரு கிண்டல்கூட இல்லை. என்ன ஆயிற்று? உடம்பு சரியில்லையா? போன கடிதத்தில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? உன் பயிற்சியைப் பற்றிக் கேட்டது குத்தலாகப் பட்டிருந்தால், அப்படி நினைத்துக் கேட்கவில்லை. நீ திட்டி எழுதினாலும் பரவாயில்லை, எழுது.

யாதிரா


எல் குவாமோ
மே 5

யாதிரா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பெட்டியில் குழாய்களுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு ஸ்லைடு இருக்கிறது. அதில் எண் 212 என்று கீறியிருக்கும். அது அம்மாவுடையது. 2005 மார்ச் 16 அன்று மாலை நாலு மணிக்கு நான் எடுத்தது. மூன்று வருஷத்துக்கு மேல் பழைய ஸ்லைடுகளைக் கழுவிவிடச் சொல்லி விதி. இதை நான் கழுவவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நீ ஒன்பதாம் நாள் எல்லோர் முன்னாலும், "ஊர்ல உள்ளவன் பூச்சியெல்லாம் தெரியுற கண்ணுக்குப் பெத்தவ பூச்சி தெரியலியா?" என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் இந்தக் கண்ணாடித் துண்டு. இதில் பூச்சி இல்லை. முந்நூறு இடம் பார்த்தேன், நூறு பார்த்தால் போதும் என்று விதி. பூச்சி இல்லாவிட்டால் மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதும் விதி. அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டு செல்ஃபிதாவிடம், "எம் பொண்ணு பெரிய சட்டக்காரி. சொந்த ஆத்தாளுக்கே சீட்டுல பூச்சி எழுதினாத்தான் மாத்திரை குடுப்பாளாம்"னு சிரித்தாள். நானும் சிரித்தேன். காலையில் மறுபடி ஒரு ஸ்லைடு எடுக்கலாம் என்றிருந்தேன். விடியும்போது அவளுக்கு நினைவில்லை. கிரிசாந்தோ படகை விரட்டினான். பாதி ஆற்றில் போய்விட்டாள். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

காய்ச்சல் வேறு என்னவாகவோ இருந்திருக்கும் என்று நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்ன சொன்னாலும் சரி, என் ஸ்லைடு சுத்தம் என்று இருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் ஊரில் தலைநிமிர்ந்து நடந்தேன், அடுத்தவன் ரத்தத்தைப் பார்த்தேன்.

உன் படம் வந்த அன்று பதிவேட்டை எடுத்தேன். 212, லிப்ராதா பெரேயா, கிருமி இல்லை. குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்தில், 'சாய அழுக்கு நிறைய. வெள்ளையணு மேலும்' என்று இருக்கிறது.

வெள்ளையணு மேலும். படித்தாயா? நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மூன்று நாள், வெயில் இருக்கிற நேரமெல்லாம் பார்த்தேன். ஒரு நேரம் அழுக்கு என்று படுகிறது, ஒரு நேரம் நீ சொன்ன துகள் என்று படுகிறது. என் கண்ணை எனக்கே நம்ப முடியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒருத்தி கை நீட்டினால் நான் எந்தத் தைரியத்தில் சீட்டு எழுதுவேன்?

ஆற்றில் வீசிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். வீசவில்லை. நீ நல்ல மைக்ரோஸ்கோப்பில் பார். அழுக்கா, துகளா? எனக்காகக் குறைத்துச் சொல்லாதே. பொய் சொன்னால் எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் எழுத வராது.

ஃபிதெலினா


மெதெயின்
மே 20

அக்கா,

ஸ்லைடு வந்து ஆறு நாள் மேஜை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். ஏழாம் நாள் பேராசிரியர் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் இருக்கிறது. ஸ்லைடு முழுக்கச் சாய அழுக்கு. அழுக்குக்கு அடியில், வெள்ளையணுக்களுக்குள், துகளும் இருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் என்னாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெயில் கண்ணாடியில் இருக்குமே அந்த மாதிரிக் கறுப்புத் தகடு இரண்டை, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக ஸ்லைடுக்குக் கீழும் மேலும் வைத்துப் பார்ப்போம். எல்லாம் இருண்டுவிடும். அழுக்கும் இருண்டுவிடும். கிருமி உறைய வைத்த துகள் மட்டும் மினுங்கும். நூறு வெள்ளையணு எண்ணினேன். பதினான்கில் மினுங்கியது. அம்மாவுக்கு மலேரியாதான், அக்கா. கடுமையானது. கிருமி ஒன்றுகூட ஸ்லைடில் இல்லை. முந்நூறு இல்லை, ஆயிரம் இடம் பார்த்தேன், இல்லவே இல்லை. நீ எதையும் தவறவிடவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நீயும் நிம்மதியாக இருப்பாய், நானும் நல்லவளாக இருப்பேன். ஆனால் அந்த அழுக்கு யாருடையது?

உன் மார்ச் கடிதத்தை எடுத்துப் படித்தேன். காப்பித் துணி. கடைசி விடுமுறை. நான் இங்கே திரும்பி வந்தது 2005 பிப்ரவரி முடிவில். அந்தப் புட்டி தீர இரண்டு மாதம் ஆயிற்று என்று நீயே எழுதியிருக்கிறாய். அம்மாவின் ஸ்லைடு மார்ச் 16. நான் வடித்த சாயம்தான் அது.

அது மட்டும் என்றால்கூடத் தற்செயல் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அன்று சாயங்காலம் சுகாதார நிலைய ரேடியோவில் நீ என்னைக் கூப்பிட்டாய். விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் அதை விடுதிப் போனோடு இணைத்தார்கள், அலுவலகத்துக்கு ஓடி வந்து எடுத்தேன். "ஒரே கறுப்புப் பொட்டா இருக்குடி, வெள்ளையணு மேலகூட இருக்கு, என்ன இது?"ன்னு கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது காப்பித் துணி அழுக்குக்கா. கணக்குல எடுத்துக்காத. இதுக்குப் போயி கூப்பிடுவியா?"ன்னு சொல்லி வைத்துவிட்டேன். யாருடைய ஸ்லைடு என்று நான் கேட்கவில்லை. பயப்படுவேன் என்று நீயும் சொல்லவில்லை.

துகளைப் பற்றி அந்த வருஷம்தான் படித்திருந்தேன், அக்கா. தெரியாமல் சொல்லவில்லை. யோசிக்காமல் சொன்னேன்.

நீ கண்டுபிடித்தாய். நீ கேட்டாய். பட்டம் படிக்கிறவள் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டு ஒன்பதாம் நாள் வந்து, ஊரைக் கூட்டி வைத்து உன்னைக் கேட்டேன். இதற்கு மன்னிப்பு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. முடியாவிட்டால் திட்டு. ஊரைக் கூட்டிவைத்துத் திட்டு, வந்து நிற்கிறேன்.

நான்கு வருஷமாக இரவு பகல் கொழுப்புத் துளிக்குள் இந்தத் துகள் எப்படி உறைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் இதையே எடுத்தாய் என்று பேராசிரியர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

கறுப்புத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்றை உன் மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடிக்கு மேல் வை, இன்னொன்றைக் கண் வைக்கிற குழாய்க்குள் போட்டுத் திருப்பிப் பார். நல்ல வெயில் நேரத்தில் வேலை செய்யும். ஸ்லைடைத் திருப்பி அனுப்புகிறேன். அது உன்னிடம் இருக்க வேண்டியது.

யாதிரா


எல் குவாமோ
ஜூன் 11

யாதிரா,

கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று படித்தேன். கிரிசாந்தோ என் முகத்தைப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தான். "ஏதும் கெட்ட சேதியா?"ன்னான். "இல்ல, பழைய சேதி"ன்னேன். வீட்டுக்குப் போய் அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நன்றாக அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை, அன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவில் உன்னைக் கூப்பிட்டது எனக்கு மறக்கவில்லை. ஒன்பதாம் நாள் நீ கேட்டபோதே அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது அந்தப் பொட்டு வெறும் அழுக்கு என்றுதான் எனக்கும் நினைப்பு. ஆனாலும், "உன்னைத்தானடி கேட்டேன்" என்று சொல்லியிருந்தால் ஊர் உன்மேல் பாய்ந்திருக்கும். உனக்கு இருபத்திரண்டு வயது. அப்படியே படிப்பை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பாய். நான் பிறந்தபோது என் தொப்புளில் அம்மா குவயாக்கான் மரத்தூளைத் தடவினாள், கோடாலி விழுந்தாலும் தாங்குகிற மரம். தாங்கினேன்.

உன் படம் வந்தபிறகு விஷயம் வேறாகிவிட்டது. ஸ்லைடை அனுப்பினால் நம் இருவரில் ஒருத்தி மேல் அது விழும் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் நான்கு வாரம் அனுப்பாமல் வைத்திருந்தேன். அனுப்பினபோது ரேடியோவைப் பற்றி நான் எழுதவில்லை, கவனித்தாயா? வேண்டுமென்றேதான் விட்டேன். உனக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்க விட்டேன். நினைவிருந்தாலும் எழுதுவாயா என்று பார்க்க விட்டேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் நானாக என்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். குழாய் அனுப்பிக்கொண்டே இருந்திருப்பேன், 'மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு' என்று எழுதிக்கொண்டே.

நீ எழுதிவிட்டாய். எனக்கு அது போதும். திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை, ஒரு தடவை கூட்டியதற்கே இன்னும் பேசுகிறார்கள்.

இனி கேள். போன செவ்வாய்க்கிழமை செல்ஃபிதாவின் மருமகளைத் தூக்கி வந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பம், காய்ச்சல், பேச்சுக் குழறுகிறது. ஸ்லைடு போட்டேன். பூச்சி இல்லை. முந்நூறு இடம், இல்லை. செல்ஃபிதா கதவண்டை நின்றுகொண்டு, "இல்லன்னா சொல்லிரு ஃபிதெலினா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கஷாயம் குடுக்குறேன்"னாள். அதே செல்ஃபிதா, அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள். பதினோரு மணி, நல்ல வெயில். நீ வெட்டின தகட்டை வைத்துத் திருப்பினேன். எல்லாம் இருண்டது. அப்புறம் மினுக் மினுக்கென்று தெரிந்தது, யாதிரா. ஒரு வெள்ளையணு, அடுத்தது, அதற்கடுத்தது. நூற்றுக்கு ஒன்பது.

சீட்டில் என்ன எழுதுவது? 'கிருமி இல்லை' என்று எழுதினால் மாத்திரை இல்லை. 'கிருமி உண்டு' என்று எழுதினால் பொய். கட்டத்தை அடித்துவிட்டு, 'வெள்ளையணுவில் துகள், கடுமையான மலேரியா, உடனே பெரிய ஆஸ்பத்திரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை வந்தால் வரட்டும். கிரிசாந்தோ பாதிச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தான். நானும் படகில் ஏறினேன். பாதி ஆற்றில், அந்த இடத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இஸ்த்மினா ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊசி மருந்தை ஏற்றினார்.

நேற்றுத் திரும்பி வந்துவிட்டாள். வயிற்றில் பிள்ளையும் இருக்கிறது. செல்ஃபிதா ஒரு சீப்பு வாழைக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

பதிவேட்டில் 212க்கு நேராக இருந்த 'கிருமி இல்லை'யை நான் அடிக்கவில்லை. அது உண்மை. 'வெள்ளையணு மேலும்' என்பதை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'வெள்ளையணுவுக்குள் துகள்' என்று எழுதித் தேதி போட்டேன். பக்கத்தில் உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். பார்த்து உறுதி செய்தவள் நீதான், நீதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகஸ்டில் சான் ரோக்கே திருவிழாவுக்கு வா. வரும்போது வடிதாள் இரண்டு கட்டு கொண்டு வா. அம்மாவின் துணி சமையலறை ஆணியில்தான் தொங்குகிறது, அதில் உனக்குக் காப்பி வடித்துத் தருகிறேன்.

அக்கா
ஃபிதெலினா